நெடுங்கோட்டுக் காவுச் சீட்டுக் கணினியில் மாறிக் கிடக்கும் ஒரு வரி

அனுப்புநர்:
மு. சிற்றம்பலநாதன், வயது 71,
வழிபாட்டுச் சீட்டு எழுத்தர்,
நெடுங்கோட்டுக் காவு பகவதி கோயில்,
நெடுங்கோடு, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: செண்டை வாத்தியக்காரர் சங்குண்ணி மாரார் கொலையுண்டது பதிவாகியுள்ள கோயில் கணினியை, வரும் திங்கட்கிழமை புதிய அமைப்பு ஏற்றத் தராமல் நிறுத்திவைக்கவும், சாட்சியத்தை அழித்ததாகக் கைது செய்யப்பட்டுள்ள ஆசிரியர் விபின்லாலை விடுவிக்கவும், உண்மையில் பிழை செய்தவனை விசாரிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடியேன் முப்பத்தொரு ஆண்டுகளாக நெடுங்கோட்டுக் காவில் வழிபாட்டுச் சீட்டு எழுதி வருகிறேன். வருவோர் பெயரையும் பிறந்த நட்சத்திரத்தையும் கேட்டு எழுதித் தருவது என் தொழில். மாலையில் தீபாராதனையின்போது சன்னிதியில் தமிழ்ப் பாடல் ஓதுவது என் பேறு. ஊரார் என்னைச் சாமி என்று அழைப்பர். மலையாளம் பேசுவேன், பிழையின்றி எழுத வருவது தமிழே. ஆகையால் எங்கள் வட்டத்துத் தமிழருக்குள்ள உரிமைப்படி இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். இதில் எழுத்துப் பிழையும் இராது, பொய்யும் இராது. ஒரே ஒரு செய்தியை மட்டும் அதற்குரிய இடத்தில் எழுதாமல் ஏழாம் பத்திக்குத் தள்ளியிருக்கிறேன். முன்னமே எழுதக் கை வரவில்லை.

2. முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினி இப்போது நெடுங்கோடு காவல் நிலையத்தில் உள்ளது. அதில் ஒன்றும் இல்லை, வெறும் பெட்டி என்று முடிவு செய்து, மண்டல காலச் சீட்டுக்கு வேண்டும் என்ற கோயில் கமிட்டியின் விண்ணப்பத்தை ஏற்று, வரும் 13ஆம் தேதி திங்கட்கிழமை அதைத் திருப்பித் தரப் போகிறார்கள். அன்றே அதில் எல்லாவற்றையும் துடைத்துப் புதிய அமைப்பு ஏற்றப்படும். அவ்வாறு ஏற்றினால் இதுவரை அழியாத சாட்சியம் அன்றுதான் அழியும். இன்று வியாழன். நடுவே மூன்று நாள் உள்ளது.

3. செப்டம்பர் 28 ஞாயிறு மாலை, நவராத்திரித் தாயம்பகை என்னும் செண்டைத் தனிவாசிப்பு நடந்தது. வாசித்தவர் சங்குண்ணி மாரார், வயது 54. எங்கள் ஊரில் வடக்குத் தேசம், தெற்குத் தேசம் என இரண்டு பிரிவு. வடக்கார் ஏழு மணிக்குத் தங்கள் மேளத்தை நடைக்குள் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாரார் அப்போது கடைசி வேகத்தில் இருந்தார். அந்த இடத்தில் நிறுத்துவது, ஓதும் பாட்டைப் பாதிச் சீரில் அறுப்பது போன்றது. அவர் நிறுத்தவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “மாராரே, கோலைக் கீழ வைக்கறியா, இல்ல நாங்க வச்சு விடட்டுமா?” மாரார் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். கோல் நிற்கவில்லை. அதன்பின் தீவெட்டிகள் சாய்ந்தன, எண்ணெய் தெறித்தது, பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். புகை கலைந்தபோது மாரார் செண்டைமேல் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. செண்டையின் வெள்ளைத் தோல்மேல் குருதி தேங்கி, அவர் மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது. தீவெட்டியின் இரும்புத் தண்டு ஒன்று வளைந்து அருகே கிடந்தது. அடித்தவர் யார் என்று இருநூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை என்றார்கள். சந்தனமரத்தடிக் கேமரா பார்த்தது. அதன் பதிவு சீட்டுக் கவுண்டரில் உள்ள கணினியில் சேரும்.

4. மறுநாள் திங்கட்கிழமை பிற்பகல், எங்கள் உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் விபின்லால் வந்தார். பள்ளிக் கணினிகளை எல்லாம் பார்த்துக்கொள்பவர் அவரே. ஊரார் அவரை மாஷ், அதாவது வாத்தியார், என்பர். எங்கள் கணினி மூப்படைந்து, ஒரு பதிவைத் திறந்தால் பாதியில் உறைந்து நிற்கும் நிலையில் இருந்தது. இதில் பள்ளியில் உள்ளது போல, பென்குயின் சின்னம் கொண்ட லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை ஏற்றலாம் என்று கமிட்டி முன்பே தீர்மானித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் செயலர் கோபிநாதக் கைமள், “மாஷே, அந்தப் பென்குயின் பகவதிக்குச் சீட்டு எழுதுமா? குளிர்தேசத்துப் பறவைக்கு அத்தம், சித்திரை எல்லாம் தெரியுமா?” என்று கேட்க, மாஷ், “உங்களுக்குத் தெரிஞ்ச அளவு தெரியும் கைமளேட்டா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் திங்களன்று அவர் எதையும் ஏற்ற வரவில்லை. என்னிடம் அவர் சொன்னதை மாறாமல் தருகிறேன்: “சாமி, இன்னிக்கு ஒண்ணையும் அழிக்கப்போறதில்ல. பென் டிரைவ்லேர்ந்து லினக்ஸை எழுப்பி, உள்ள இருக்கற ஞாயித்துக்கிழமைப் பதிவை வெளிய எடுக்கணும். மாரார் பொழைச்சா அவருக்கு உதவும். பொழைக்கலைன்னா இன்னும் உதவும்.”

ஐயா, அதன்பின் அவர் செய்தவற்றை, அவர் கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொன்றாக என் குறிப்பேட்டில் எழுதினேன். கணினி விழித்தவுடன் எஃப்-2 விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் அடிப்படைப் பட்டியல் திறக்கும். கணினி வேறெதையும் ஏற்றுமுன் தானே படித்துக்கொள்ளும் கட்டளைகள் அங்கே உள்ளன. முதலில் கணினி பென் டிரைவை ஏறெடுத்தும் பாராமல் பழைய அமைப்பையே ஏற்றியது. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை மாற்றினார். அடுத்து, எனக்கு அறிமுகம் இல்லாதவரை உள்ளே விடமாட்டேன் என்று மறுத்தது. செக்யூர் பூட் என்ற காவலை விலக்கினார். பின்பு லினக்ஸ் எழுந்தது. ஆனால் உள்ளே ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று காட்டியது. நான் திடுக்கிட்டேன். அவர் சிரித்தார். “டிஸ்க் இருக்கு சாமி. இதுங்க ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்” என்றார். பயாசின் மூன்றாம் பக்கத்தில், டிஸ்க்கை எம்முறையில் அணுகுவது என்று ஒரு வரி உண்டு. அதில் மூன்று தெரிவுகள்: முதலாவது, டிஸ்க்கை அணைத்து வைப்பது; இரண்டாவது, ஏ.எச்.சி.ஐ.; மூன்றாவது, ரெய்டு. எங்கள் கணினி மூன்றாவதில் இருந்தது. அவர் இரண்டாவதற்கு மாற்றினார். டிஸ்க் தெரிந்தது. அதனுள் இருந்த எதுவும் ஒரு துளியும் குறையவில்லை.

5. பதிவு இருந்தது. ஞாயிறு, மாலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மாஷ் அதை ஓடவிட்டார். புகைநடுவே மாராரின் கோல்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை தீவெட்டியை உயர்த்தியது. அது இடக்கை. மணிக்கட்டில் செப்பு வளையம் இருந்தது. தண்டு இறங்கியது. மாராரின் தலை முன்னே சாய்ந்தது. கோல்கள் மட்டும் அதன்பின்னும் இரண்டு முறை அடித்தன. அதைக் கண்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆகையால் இரண்டாம் அடியை நான் பார்க்கவில்லை. அடித்தவன் திரும்பியபோது அவன் முகத்தையும் பார்க்கவில்லை. மாஷ் பார்த்தார். வெளிறிப்போய், “சாமி, நீங்க பாத்தீங்களா?” என்றார். இல்லை என்றேன். “நல்லதாப் போச்சு” என்றார். பதிவு பெரிது, பென் டிரைவில் இடம் இல்லை. வீட்டிலிருந்து பெரிய டிஸ்க் எடுத்து வருகிறேன் என்று கணினியை அணைத்துவிட்டுப் போனார். மணி ஐந்து. அவருடைய மகளுக்குக் காய்ச்சல் ஏறியிருந்ததால் அன்று அவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலை பூசை வைப்பு. நூல்களும் கருவிகளும் பகவதிமுன் வைக்கப்பட்டால், விசயதசமி காலையில் எடுக்கும்வரை எங்கள் தேசத்தில் எவரும் படிப்பதில்லை, எழுதுவதில்லை. கணினிப் பெட்டியும் சந்தனம் சாத்தி மண்டபத்தில் வைக்கப்பட்டது. மூன்றாம் நாள், அக்டோபர் 1 புதன் காலை, மாரார் திருச்சூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். காவலர்கள் பதிவைக் கேட்டு வந்தார்கள். பூசையில் உள்ளதை இடையில் எடுக்கலாகாது என்று ஊரார் மறுத்தார்கள். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் இயக்கிக் காட்டுவது என முடிவாயிற்று.

6. விசயதசமியன்று காலை ஏழரை மணி. மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் எழுத்துத் தொடக்கத்துக்குக் காத்திருந்தார்கள். விபின்லால் தம் மூன்று வயது மகள் தன்மயாவை மடியில் வைத்து, உருளியில் பரப்பிய அரிசியில் அவள் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதத் தொடங்கியிருந்தார். நான்கு முழம் தள்ளி, இரண்டு காவலர் முன்னிலையில் கணினி இயக்கப்பட்டது. கரிய திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி தோன்றியது. சித்தூர்ச் சாலையில் கணினிக் கடை வைத்திருக்கும் சிபி என்பவர் அதை உரக்கப் படித்துப் பொருள் சொன்னார்: “ஏற்றறதுக்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்.” அவர் தம் பென் டிரைவைச் செருகிப் பார்த்தார். அதுவும் டிஸ்க் இல்லை என்றது. “சுத்தம். ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை யாரு கை வச்சது?” என்றார்.

கூட்டம் மாஷைப் பார்த்தது. அவர் மகளை மனைவி சவிதாவிடம் தந்துவிட்டு எழுந்தார். திரையைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றும் சுமக்கிறேன். “டிஸ்க் எங்கயும் போகல. ஒரு நிமிஷம் வழி விடுங்க, எஃப்-2 அமுக்கறேன், வந்துரும்” என்றார். செயலரின் சகோதரி மகன் பிரஜோஷ் குறுக்கே நின்றான். “அமுக்கி அமுக்கித்தானே மாராரோட சாவை அழிச்சே? இன்னும் என்னடா பாக்கி இருக்கு? தெக்கத்தியான் எவ்வளவு குடுத்தான்?” என்றான். மாஷ் விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினார்.

ஐயா, அடுத்து நடந்ததைச் சுருக்கி எழுத என்னால் இயலும். சுருக்கினால் அது பொய்யாகிவிடும். இருவர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். ஒருவன் வலக்கையை இழுத்துக் கல்படிமேல் விரித்துப் பிடித்தான். பிரஜோஷ் எரிந்துகொண்டிருந்த நிலவிளக்கு என்னும் பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கினான். எண்ணெயும் திரியும் மாஷின் தலையில் கவிழ்ந்தன. விளக்கின் அடியால் புறங்கைமேல் அடித்தான். எலும்பு முறியும் ஓசை, பச்சை மூங்கில் பிளப்பது போல் கேட்டது. “எந்த விரல்டா அமுக்கிச்சு? இதுவா? இதுவா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான். நான்கு முறை. மாஷ் முதல் இரண்டு அடிக்கும் எஃப்-2, எஃப்-2 என்றே கத்தினார். மூன்றாம் அடிக்குச் சொல் வரவில்லை. சுட்டுவிரல் பின்பக்கமாக மடிந்து நின்றது. உருளி உருண்டு, அரிசி குருதியில் சிவந்து படிகளில் ஒட்டியது. அவர் மார்பில் உதைத்தவர்களும் உண்டு. முகத்தில் துப்பியவர்களும் உண்டு. அவர்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு அவரே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டு காவலரும் கூட்டத்தின் வெளிவட்டத்தில் நின்று ஊதல் ஊதினார்கள். அடித்த கை இடக்கை. மணிக்கட்டில் செப்பு வளையம் இருந்தது. இதை நான் கண்ணால் கண்டேன். கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

காவலர் மாஷைத் தூக்கி நிறுத்தியபின் உதவி ஆய்வாளர் வந்தார். “கடைசியா இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது யாரு?” என்று கேட்டார். மாஷின் வாய் கிழிந்திருந்தது. என்னை மறுபடி பார்த்தார். “நான்தான்” என்றார். சாட்சியத்தை அழித்தார் என்று வழக்கு எழுதப்பட்டது. கையை உடைத்தவர்கள்மேல் இன்றுவரை வழக்கு இல்லை.

7. கடைசியாகத் தொட்டவர் அவர் அல்லர். நான்.

திங்கள் மாலை ஆறு முப்பத்தைந்துக்கு மாஷ் என் கைப்பேசியில் அழைத்தார். என் குறிப்பேடும் எழுதுகோலும் மூக்குக்கண்ணாடியும் ஏற்கெனவே பகவதிமுன் சேர்ந்துவிட்டன. கணினிப் பெட்டி மட்டும் கடைசியாகக் கொண்டுபோகக் கவுண்டரில் காத்திருந்தது. தலைமைப் பூசகரான மேல்சாந்தி விளக்கேற்றிவிட்டார். மாஷ், “சாமி, என்னால வரமுடியல. நான் மாத்தின அந்த ஒரு வரியைப் பழையபடி வச்சிருங்க. இல்லைன்னா வியாழக்கிழமை பூஜை எடுக்கறப்ப எல்லார் முன்னாடியும் எழும்பாது, ஊர் பயந்துரும். திரையில என்ன இருக்குன்னு படிச்சுக்கிட்டே வாங்க” என்றார். நான், “மாஷே, பூஜை வச்சாச்சு. கண்ணாடி உள்ள போயாச்சு. ஒரு எழுத்தும் படிக்கமாட்டேன்” என்றேன். அவர், “பகவதி மன்னிப்பா சாமி, ஒரே ஒரு வரி” என்றார். மாட்டேன் என்றேன். “சரி, படிக்க வேண்டாம். எண்ணுங்க. அது உங்களுக்குக் கைவந்ததுதானே. எஃப்-2. வலது அம்பு ரெண்டு. கீழ் அம்பு நாலு. எண்டர். அப்புறம் கீழ ஒண்ணே ஒண்ணு. எண்டர். எஃப்-10. மறுபடி எண்டர்” என்றார்.

முகத்தைச் சன்னிதிப் பக்கம் திருப்பிக்கொண்டு, செபமாலை உருட்டுவது போல் விசைகளை எண்ணி அழுத்தினேன். கீழ ஒன்று என்ற இடத்தில் விரலுக்கு ஐயம் வந்தது: அழுத்தியது ஏற்றதா, இல்லையா? செபத்தில் எண்ணிக்கை தடுமாறினால் ஒன்று கூட்டிச் சொல்வது எங்கள் வழக்கம். குறைந்தால் குற்றம், மிகுந்தால் குற்றமில்லை. அவ்வண்ணமே இன்னொரு முறை அழுத்தினேன். பின்பு எண்டர், எஃப்-10, எண்டர். “ஆச்சா சாமி?” என்றார். “ஆச்சு” என்றேன். மின் இணைப்பைப் பிடுங்கிப் பெட்டிக்குச் சந்தனம் இட்டேன். அன்றிரவு, தெய்வ நியமம் காத்தேன் என்று நிறைவாக உறங்கினேன்.

8. இந்த அக்டோபர் 7ஆம் தேதி, மாவட்ட மருத்துவமனையில் காவலுடன் படுத்திருக்கும் மாஷைப் போய்ப் பார்த்தேன். வலக்கையில் தோள்வரை மாவுக்கட்டு இருந்தது. நடந்ததைச் சொல்லி அவர் கால்மாட்டில் நின்றேன். அவர் கேட்டது ஒன்றே: “கீழ எத்தனை தடவை அமுக்கினீங்க?” இரண்டு என்றேன். கண்களை மூடிச் சிரித்தார். சிரித்தபோது விலா வலித்து முகம் சுருங்கியது. “ரெண்டாவதிலேர்ந்து ஒண்ணு இறங்கினா மூணாவது. அது பழைய இடம். இன்னொண்ணு இறங்கினா பட்டியல் சுத்தி முதலாவதுக்கு வந்துரும். முதலாவதுன்னா டிஸ்க்கை அணைச்சு வைக்கறது. டிஸ்க் தூங்குது சாமி. அதை யாரும் எழுப்பல. சிபி தன் பென் டிரைவை மாத்தி மாத்திக் குத்தினானே தவிர, பயாசைத் திறந்து பாக்கல” என்றார். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “எழுபத்தொரு வயசுக் கைக்கு நாலு அடி தேவையில்ல. ஒரு அடி போதும். இனிமேலும் ஊருக்குள்ள வாய் திறக்காதீங்க. வளையம் போட்டவன் வெளியதான் இருக்கான்” என்றார்.

நான் வாய் திறந்தேன். நேராக நெடுங்கோடு நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். “சாமி, வயசாச்சு. மாஷ் மேல இருக்கற பாசத்துல என்னென்னமோ சொல்றீங்க. டிஸ்க் இல்லைன்னு கடைக்காரரே எழுதிக் குடுத்தாச்சு. வீட்டுக்குப் போய் நாமம் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது என் மிதிவண்டியின் இரண்டு சக்கரமும் கிழிக்கப்பட்டிருந்தன. இருக்கையில் ஒரு விளக்குத் திரி சுற்றியிருந்தது. நேற்று காலை என் வாசற்கதவில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. பற்றவைக்கவில்லை. இது எச்சரிக்கை என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டபின்னரே இம்மனுவை எழுதுகிறேன்.

9. ஐயா, அடியேன் வாழ்நாள் எல்லாம் தெய்வப் பாடல்களை ஓதியவன். துன்புற்றோர் பக்கம் நின்ற அடியார்களைப் புகழ்ந்து பாடிய பாட்டுகள் எனக்கு ஆயிரம் தெரியும். ஆனால் அந்த ஐந்து நாளில் மூன்று முறை நான் முகத்தைத் திருப்பினேன்: பதிவில் மாராரின் தலை சாய்வது கண்டு ஒருமுறை, திரையில் இருந்த எழுத்தைப் படிக்க அஞ்சி ஒருமுறை, மாஷின் விரல்கள் முறிந்தபோது ஒருமுறை. முதலாவதால் கொலையாளியின் முகம் எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டாவதால் சாட்சியம் மறைந்தது. மூன்றாவதால் குற்றமற்றவர் சிறைப்பட்டார். பகவதி படிக்காதே என்று விதித்தது நூலை வணங்கும்பொருட்டு; ஒரு மனிதனின் கை முறியும்பொருட்டு அன்று. இதை அறிய எனக்கு எழுபத்தொரு ஆண்டு ஆயிற்று.

10. ஆகவே வேண்டுவன:

கணினியை 13ஆம் தேதி எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அதற்கு முன் தங்கள் முன்னிலையில், இத்துறை அறிந்த ஒருவரைக் கொண்டு எஃப்-2 அழுத்தி, மூன்றாம் பக்கத்தில் டிஸ்க் அணுகும் வரியை மூன்றாம் தெரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய அமைப்பு எழும். ஞாயிறு ஏழு பன்னிரண்டின் பதிவு அங்கே இருக்கும். எழவில்லையாயின் என்னைப் பொய்யன் என்று சிறையிடுங்கள்.

பதிவில் உள்ள இடக்கையையும், விசயதசமியன்று விளக்கைத் தூக்கிய இடக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகத்தைக் கணினி காட்டும். நான் காணாததை நான் கூறமாட்டேன்.

விபின்லாலின் கையை முறித்தோர்மேல் வழக்குப் பதிவு செய்யுங்கள். அந்தக் கையால் அவர் கரும்பலகையில் எழுத வேண்டும். அவர் மகள் அரிசியில் எழுதத் தொடங்கியது முதலெழுத்தின் பாதிச் சுழியோடு நிற்கிறது. வேறொருவர் விரல் பிடித்து எழுதவைக்கலாம் என்று மேல்சாந்தி சொன்னார். குழந்தை கையை மூடிக்கொண்டாள்.

சாட்சியம் மறையக் காரணமானவன் என்றும், ஐந்து நாள் வாய் மூடியிருந்தவன் என்றும் என்னை வழக்கில் சேருங்கள். விபின்லால் பெயர் எழுதிய அதே வரியில் அதை அடித்து என் பெயரை எழுதினால் போதும். நட்சத்திரம் கேட்டால் அவிட்டம்.

இணைப்பு: குறிப்பேட்டின் இரண்டு பக்கங்கள், செப்டம்பர் 29 பிற்பகல் எழுதியவை, அன்று மாலை ஆறு முப்பத்தைந்துக்கு வந்த அழைப்பைக் காட்டும் என் கைப்பேசி, என் வாசற்கதவின் புகைப்படம்.

பூசையிலிருந்து எடுத்த அதே எழுதுகோலால், அதே கண்ணாடியை அணிந்து இதை எழுதினேன். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். தங்கள் முன்னிலையில் கணினி திறக்கப்படும் வேளையிலும், எஃப்-10 அழுத்துமுன் திரையில் உள்ள வரியை யாரேனும் ஒருவர் உரக்கப் படிக்க ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். அனுமதித்தால் நானே வந்து படிக்கிறேன்.

நாள்: 09.10.2025
இடம்: நெடுங்கோடு

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மு. சிற்றம்பலநாதன்